பசித்த எலிகளை நீக்க மாட்டேன்

நான் எலிகளைக் கொன்றவள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. மருந்துகளையும் ரசாயனங்களையும் விலங்குகளில் சோதித்துப் பார்க்கும் ஒரு பரிசோதனைக் கூடம் ஒரகடத்தில் இருக்கிறது. என் பணிக்காலம் முழுவதும் அங்கேதான் கழிந்தது. இறந்த எலியை அறுத்து, அதன் ஈரலையும் சிறுநீரகத்தையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, எதனால் செத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டவர்கள், பதிலைக் கேட்டதும் இலையில் இருந்த கையை ஒரு கணம் நிறுத்துவார்கள். நான் நிறுத்தியதில்லை. அவர்கள் அன்று காலையில் விழுங்கிய ரத்த அழுத்த மாத்திரை இப்படிப்பட்ட கூண்டுகளைத் தாண்டித்தான் அவர்கள் வீட்டுக்கு வந்தது.

இதையெல்லாம் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தவள் அல்ல நான். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் டாக்டர் நிவேதா, போன மாதம் குன்றத்தூரில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தாள்.

"மேடம், இனிமே நம்ம லேப்ல பாதி டெஸ்ட்டு செல்லுலயும் கம்ப்யூட்டர்லயும்தான். புதுசா வர்றவங்க அனிமல் ரிசல்ட்டுன்னாலே சிரிக்கறாங்க. ஒரு எலி மாதிரி இன்னொரு எலி இல்ல, அத எப்படி நம்பறதுன்னு கேக்கறாங்க. நீங்க அத பத்தி எழுதிக் குடுத்தா எல்லாருக்கும் அனுப்பலாம்னு பாக்கறேன். ஆனா..."

"ஆனா?"

"அந்த சால்வென்ட் விஷயம் மட்டும் வேணாம் மேடம். மேல இருக்கறவங்களுக்கு சங்கடம்."

எனவே அந்தச் சால்வென்ட் விஷயத்தை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் குறைவான எலிகள் சாகும் என்றால் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இருக்க முடியாது. அவற்றின் உடம்பை உள்ளும் புறமும் பார்த்தவள் நான். ஆனால், எலிக்கு எலி வேறுபடுகிறது, ஆகவே நம்ப முடியாது என்று சொல்லி அவற்றை வழியனுப்புவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரே விஷத்துக்கு ஒன்று சாகிறது, இன்னொன்று பிழைக்கிறது. ஏன் என்ற கேள்வியைத்தான் நான் வாழ்க்கை முழுக்கக் கேட்டேன். அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது. ஒரு பண்ணையில் வாத்துக் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அதே கொட்டகையில், அதே கடலைப் புண்ணாக்கைத் தின்ற கோழிக் குஞ்சுகள் சற்றே சோர்ந்திருந்தனவே தவிரச் சாகவில்லை. புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பூஞ்சணத்தின் நஞ்சு இரண்டின் வயிற்றிலும்தான் போயிருக்கிறது. ஆனால் வாத்தின் ஈரல் அதைக் கையாளும் விதம் வேறு, கோழியின் ஈரல் கையாளும் விதம் வேறு. அன்று அறுத்துப் பார்த்த வாத்துக் குஞ்சின் வெளிறிய ஈரல் இன்றும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. மற்ற மாணவர்கள் மாட்டு வைத்தியத்துக்கும் அரசு வேலைக்கும் போனார்கள். நான் நோய்க்குறியியல் படித்துவிட்டு ஒரகடத்துக்கு வந்தேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி டாக்டர் குருநாதன். பரிசோதனைக் கூடத்தின் தலைவர். என்னைவிடப் பல வருடம் மூத்தவர். குரலை உயர்த்தி அவர் பேசிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. அறுக்கும் அறைக்குள் நுழைந்தால் முதலில் குழாயடிக்குப் போய், ஒவ்வொரு விரலாக, விரலிடுக்காக, மணிக்கட்டு வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். அது முடியும் வரை யாரும் அவரிடம் பேசக் கூடாது. பிறகு வந்து, அறுப்பவருக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். "எலி படுத்துகினு இருக்கு. நாமளும் உக்காந்துட்டா யாரு பாக்கறது?" என்பார்.

ரிப்போர்ட்டைத் திருத்துவதிலும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பேனாவைத் தொடமாட்டார். நாம் எழுதியதை நம் எதிரிலேயே மெதுவாக வாசிப்பார். பொருத்தமில்லாத சொல் வந்தால் அங்கே நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். "ஈரல் கொஞ்சம் வீங்கியிருந்தது" என்று நான் எழுதியிருந்தேன். "கொஞ்சம்" என்ற இடத்தில் நின்றார். "கொஞ்சம்னா எவ்ளோம்மா?" என்றார். அந்தச் சொல்லை நானாக அடிக்கும் வரை அடுத்த சொல்லுக்குப் போகவில்லை. ஸ்லைடு பார்க்கும்போது அது எந்தக் குழுவின் எலி என்று தெரிந்துகொள்ளாமல் பார்க்க வேண்டும் என்பதும் அவர் கற்றுத் தந்ததுதான். தெரிந்துவிட்டால், இருக்க வேண்டியதைத்தான் கண் பார்க்கும், இருப்பதைப் பார்க்காது என்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு தூக்க மருந்தைச் சோதித்தோம். மருந்து கொடுத்த எலியை மல்லாக்கப் படுக்கவைத்து, அது தானாகப் புரண்டு எழும் வரை காத்திருக்க வேண்டும். ஆண் எலிகள் சீக்கிரம் எழுந்துவிட்டன. அதே எடையுள்ள, அதே தாய் வழியில் வந்த பெண் எலிகள் நெடுநேரம் தூங்கின. அது எதிர்பார்த்ததுதான். ஆண் எலியின் ஈரல் அந்த வகை மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும். ஆனால் அடுத்த சுற்றில் ஆண், பெண் இரண்டுமே முன்னைவிடச் சீக்கிரம் விழித்துக்கொண்டன. மருந்து மாறவில்லை, அளவு மாறவில்லை, ஊசி போட்ட கையும் மாறவில்லை. நான் குழம்பிப்போய் நின்றேன். டாக்டர் குருநாதன் கூண்டின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த மரச் சீவலை ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"உமிதான போடுவோம்? இது என்ன வாசனை?"

கூண்டுகளில் விரிப்பதற்கு நாங்கள் நெல் உமியைத்தான் பயன்படுத்தி வந்தோம். அந்த மாதம் உமி தட்டுப்பாடு. சப்ளை செய்பவர், பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிகளைச் சீவிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்த மரத்தின் நறுமண எண்ணெய் எலியின் ஈரலை முடுக்கிவிட்டிருந்தது. படுக்கையின் வாசனையே மருந்தின் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டது. எலி பிறந்த வம்சம், ஆணா பெண்ணா, வயது, தின்ற தீனி, படுத்த விரிப்பு என்று எல்லாம் சேர்ந்துதான் அதன் ஈரல். இந்தப் பாடத்தை எனக்கு நடத்தியவர் அவர்தான். பின்னால் அவரையே எதிர்த்து நான் நின்றது, அவர் நடத்திய அதே பாடத்தை வைத்துத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஆரம்பம் முதலே ஒத்துப்போகவில்லை. செலவையும் இடத்தையும் காட்டி, சின்னச் சோதனைகளில் அவர் ஆண் எலிகளை மட்டும் வைப்பார். "பெண் எலின்னா சுழற்சி இருக்கும்மா. ஹார்மோன் ஏறும், இறங்கும். ரிசல்ட் குழம்பிடும்." "சார், அந்த மருந்த சாப்பிடப் போற பொம்பளைக்கும் சுழற்சி இருக்குமே?" என்பேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

இனி சால்வென்ட் விஷயம்.

அது உலோகப் பாகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுக்கும் திரவம். ரசாயன நிறுவனம் ஒன்று புதிதாகத் தயாரித்து, எங்கள் வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு விற்க இருந்தது. திரவத்தில் நனைத்த துணியால் துடைப்பார்கள். அதன் ஆவி மூக்கில் ஏறும். அந்த ஆவி எந்த அளவு வரை பாதுகாப்பானது என்று சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. எலிகளைக் கண்ணாடி அறைக்குள் வைத்து, ஒரு ஷிஃப்டில் மனிதர் சுவாசிக்கும் அளவைக் கணக்கிட்டு, பகல் நேரத்தில் ஆவி கலந்த காற்றைச் செலுத்துவோம். மாலையில் கூண்டுக்குத் திரும்பும். தீனி, தண்ணீர், ஓய்வு. மறுநாள் மறுபடியும். எலிகளை இரண்டு அறைகளில் பிரித்து வைத்திருந்தோம். ஒவ்வொரு அறையிலும் ஒரு பகுதி எலிகளுக்கு ஆவி கலந்த காற்று. மற்றொரு பகுதிக்கு வெறும் காற்று.

அனிமல் ஹவுஸில் எலிகளைப் பார்த்துக்கொண்டவர் ஏழுமலை. சுங்குவார்சத்திரத்துக்கு உள்ளே ஒரு கிராமத்துக்காரர். அது ஐப்பசி மழைக்காலம். ஒரு நாள் மாலை அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மேடம், ரெண்டாவது ரூமுக்கு வந்த தீனி மூட்ட ஃபுல்லா பூஞ்சக்காளான் புட்ச்சி கீது. அத்த போட முடியாது. மொத ரூமுல பழைய மூட்ட மிச்சம் இருந்துச்சு, அதுங்களுக்கு போட்டுட்டேன். இதுங்களுக்கு இன்னா பண்றது?"

"ஸ்டோர்ல கேட்டீங்களா?"

"கேட்டுகினுதான் வரேன். வண்டி ஸ்ரீபெரும்புதூர் தாண்டி தண்ணில மாட்டிக்கினு நிக்குதாம். காலைலதான் வருமாம்."

பூஞ்சணம் பிடித்த தீனியைப் போட மறுத்தது சரியான முடிவு. போட்டிருந்தால் அந்த நஞ்சே ஈரலைக் கெடுத்திருக்கும். டாக்டர் குருநாதனுக்கு அங்கிருந்தே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். காலையில் தீனி வந்ததும் போட்டுவிட்டு, சோதனையை வழக்கம்போல் நடத்தலாம் என்றார். நானும் ஏழுமலையும் அருகருகே நின்று அதைக் கேட்டோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எலிக்கு இரவுதான் பகல். அப்போதுதான் ஓடும், ஆடும், தின்னும். ராத்தீனி இல்லையென்றால் அது முழுப் பட்டினி. காலையில் தீனி வந்தது. எலிகள் அதைக் கொறிக்கக்கூட நேரமில்லை. கண்ணாடி அறைக்குள் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் நான் போனபோது இரண்டாவது அறையில் ஆவியைச் சுவாசித்த எலிகள் முதுகைக் கூனிக்கொண்டு, மயிர் சிலிர்த்து, மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. சில செத்துவிட்டன. முதல் அறையில், அதே காற்றைச் சுவாசித்த எலிகள் கூண்டுக் கம்பியைப் பிடித்து ஏறி விளையாடிக்கொண்டிருந்தன.

செத்தவற்றை நானே அறுத்தேன். வயிற்றின் நடுவில் கீறி, தோலை ஒதுக்கி, தசையைத் திறந்தால் முதலில் தெரிவது ஈரல். நல்ல ஈரல் கருஞ்சிவப்பாக, வழவழப்பாக, ஓரம் கூராக இருக்கும். இவை வெளிறியிருந்தன. மேற்பரப்பில் வலை விரித்ததுபோல் புள்ளி புள்ளியாக ஒரு கோலம். எடை போட்டு, துண்டு எடுத்து, மருந்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடாக்கினோம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நடு ரத்தக்குழாயைச் சுற்றியிருந்த செல்கள் வட்டமாகச் செத்திருந்தன. ஓரத்துச் செல்கள் மட்டும் உயிரோடு இருந்தன. விஷத்தை இன்னும் கொடிய பொருளாக மாற்றும் வேலை ஈரலில் எந்த இடத்தில் அதிகமாக நடக்குமோ, சரியாக அந்த இடம்.

காரணத்தை ஊகிப்பது கஷ்டமாக இல்லை. நச்சைப் பிடித்து மடக்கி வெளியே தள்ளுவதற்கென்று ஈரலில் ஒரு சேமிப்பு உண்டு. தின்னும் உணவிலிருந்து ஈரல் அதை அன்றாடம் தயாரித்துக்கொள்ளும். பட்டினி கிடந்தால் சேமிப்பு வற்றிவிடும். அதே நேரத்தில், இந்த வகைச் சால்வென்ட்டைக் கொடிதாக்கும் நொதியும் பட்டினியில் கூடும். கேடயம் குறைந்து கத்தி கூர்மையாகிறது. ஊகம் போதாது என்பதால் வேறு காரணங்களையும் பார்த்தேன். தொற்று நோயா? அப்படியென்றால் அதே அறையில் வெறும் காற்றைச் சுவாசித்த எலிகளும் படுத்திருக்க வேண்டும். பட்டினி மட்டுமே காரணமா? அந்த எலிகளும்தான் பட்டினி கிடந்தன. அவற்றில் சிலவற்றை அறுத்துப் பார்த்தேன். ஈரல் கண்ணாடிபோல் சுத்தம். பசி மட்டும் கொல்லவில்லை. ஆவி மட்டும் கொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தபோது கொன்றது.

அந்த நாட்களில் என் வீட்டு மாடியில் செல்வி என்ற பெண் மூன்று தோழிகளோடு வாடகைக்கு இருந்தாள். தூத்துக்குடிப் பக்கம். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் துடைத்துச் சரிபார்க்கும் வேலை. இருட்டு பிரிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். ஒரு நாள் படிக்கட்டில் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"காலைல என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் இல்லக்கா. சாப்ட்டுட்டு பஸ்ல ஏறுனா கொமட்டிட்டு வந்துரும்."

"ராத்திரி?"

"ஓவர்டைம் பாத்துட்டு வந்தா சோறு இறங்க மாட்டேங்குக்கா. படுத்தா போதும்னு இருக்கும். மறுநா கேன்டீன்ல ஒரேயடியா சாப்பிட்டுக்கிடுவேன்."

"வெறும் வயித்தோட தொடைக்கற திரவத்த மோந்துட்டு நிக்கறியே."

"அப்ப நீங்க பஸ்ஸ நிறுத்தி வைங்க, நான் இட்லி தின்னுட்டு ஏறுதேன்" என்று சிரித்துவிட்டு ஓடினாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுங்குவார்சத்திரத்திலும் குன்றத்தூரிலும் விடிகாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களில் எத்தனை பேர் வயிற்றில் ஏதாவது இருக்கிறது?

அடுத்த வாரம் கூட்டம் நடந்தது. டாக்டர் குருநாதன், ரசாயன நிறுவனத்தின் சார்பில் வந்த மேலாளர், நான். மேலாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"மேடம், இது ஒரு ஃபீடிங் மிஸ்டேக். உங்க ஸ்டாஃப் தீனி போடல. அந்த ரூம் எலிகள மட்டும் நீக்கிட்டு ரிப்போர்ட் குடுங்க. மத்த ரூம்ல எல்லாமே நார்மல்தானே?"

டாக்டர் குருநாதன் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த மாதிரி நீக்கறதுக்கு விதி இருக்கும்மா. ஏழுமலைக்கு ஒரு மெமோ குடுத்துடலாம். அவர் தீனி போடாதது உண்மைதானே?"

போனில் அவர் சொன்னதை நானும் ஏழுமலையும் கேட்டவர்கள். அது அவருக்கும் தெரியும்.

"எலிகள நீக்க மாட்டேன் சார். மெமோவும் குடுக்கக் கூடாது. பூஞ்சணம் புடிச்ச தீனிய போடாம இருந்ததுக்கா மெமோ?"

மேலாளர் குறுக்கிட்டார். "எங்க கஸ்டமர் ஃபேக்டரி எல்லாத்துலயும் கேன்டீன் இருக்கு. யாரும் பட்டினியா வேலை செய்யறதில்ல மேடம்."

"என் வீட்டு மாடில நாலு பேர் செய்யறாங்க."

"அதோட, எலி வேற, மனுஷன் வேற இல்லியா?"

இதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அப்படியா? முதல் ரூம்ல வயிறு நெறஞ்ச எலி நல்லா இருக்கறத வெச்சுதானே மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு விக்கப் போறீங்க? எலி பொழச்சா அது மனுஷன் மாதிரி. செத்தா மட்டும் வேற மாதிரியா?"

டாக்டர் குருநாதன் என்னைத் தனியாக அழைத்துப்போய், மிகவும் மென்மையாக, "கையெழுத்து மட்டும் போடும்மா. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். போட மாட்டேன் என்றேன். அடுத்த வாரமே நான் மைக்ரோஸ்கோப் அறையிலிருந்து, புதிதாக வரும் எலிகளைத் தனியே வைத்துக் கண்காணிக்கும் கட்டடத்துக்கு மாற்றப்பட்டேன். வாசலில் நின்று, வந்திறங்கும் பெட்டிகளில் காது, மூக்கு, வால் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. முன்பு என்னைப் பார்த்தால் எழுந்து நின்றவர்கள் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஏழுமலை மட்டும் தினமும் டீ கொண்டுவருவார். "எனக்காண்டி நீங்க எதுக்கு மேடம் வம்புல மாட்டிக்கினீங்க?" என்று ஒரு நாள் கேட்டார். "உங்களுக்காக இல்ல. எனக்காக" என்றேன். அது முழு உண்மை.

விலங்குகளில் சோதனை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் உறுப்பினர்களும் அதில் உண்டு. புதிதாக ஓர் எலியைத் தொட வேண்டுமென்றாலும் அவர்கள் அனுமதி வேண்டும். செத்த எலிகளுக்குப் பதிலாக வேறு எலிகளைச் சேர்க்க நிர்வாகம் அனுமதி கேட்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் பேச எனக்கும் நேரம் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். நான் நிர்வாகத்தைக் குறை சொல்லவில்லை.

"இந்த எலிகள் ஏற்கெனவே செத்துவிட்டன. அவை சொல்லிவிட்டுப் போனதைக் குப்பையில் போட்டுவிட்டு, நமக்குப் பிடித்ததைச் சொல்லும் எலிகளைப் புதிதாகக் கொல்லப் போகிறோம். அதற்குத்தான் உங்களிடம் அனுமதி கேட்கிறார்கள்" என்றேன்.

வெளி உறுப்பினர் ஒருவர், ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியை, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க சொல்றது தப்பா இருந்தா?"

"அப்போ அதையும் எழுதிக் கையெழுத்து போடறேன். ஆனா பாக்கணும். தின்னது, தின்னாதது, ஆண், பெண், நாலையும் வெச்சுப் பாக்கணும்."

அனுமதி அப்படித்தான் வந்தது. ஸ்லைடுகள் தயாரானதும் நிர்வாகம் வெளியிலிருந்து ஒருவரை வைத்துப் படிக்கலாம் என்றது. டாக்டர் குருநாதன் மறுத்துவிட்டார். நானே பார்க்கிறேன் என்றார். என்னையும் மைக்ரோஸ்கோப் அறைக்கு அழைத்தார். ஸ்லைடுகளில் எந்தக் குழு என்பது மறைக்கப்பட்டிருந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் மைக்ரோஸ்கோப் அது. ஒரு பக்கம் அவர், வழக்கம்போல் நின்றபடியே. எதிர்ப்பக்கம் நான். அவர் ஒவ்வொன்றாக வைத்தார். நகர்த்தினார். செல்கள் செத்திருந்ததை இடது தட்டிலும் மற்றதை வலது தட்டிலும் வைத்தார். சிலவற்றைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. எல்லாம் முடிந்த பிறகு மறைப்பை நீக்கச் சொன்னார்.

இடது தட்டில் இருந்தவை எல்லாம் பட்டினி கிடந்து ஆவியைச் சுவாசித்த எலிகள். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. வலது தட்டில் மற்றவை. ஒன்றுகூட இடம் மாறி இல்லை.

அவர் போய்க் கைகளைக் கழுவினார். ஒவ்வொரு விரலாகத்தான். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அவர் அந்த அறையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"நான் தப்பா பாத்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா" என்றார்.

"எனக்கும்தான் சார்."

ரிப்போர்ட்டை நான் எழுதினேன். அவர் வாசித்தார். எந்தச் சொல்லிலும் நிற்கவில்லை. வெறும் வயிற்றில் சுவாசிப்பவர்களுக்கு இந்தத் திரவம் ஈரலைக் கெடுக்கும் ஆபத்து உண்டு என்ற வரியும் இருந்தது. தீனி தாமதமானதைப் பற்றிய பகுதியில், "சோதனையைத் தொடர அனுமதித்தது நான்தான்" என்று அவரே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். ஏழுமலை பெயர் எங்கும் வரவில்லை.

நான் வென்றேன் என்று நினைக்க வேண்டாம். அந்த ரசாயன நிறுவனம் எங்களுக்குத் தந்துவந்த வேலைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு வேறு கூடத்துக்குப் போய்விட்டது. அந்தத் திரவத்தை அப்படியே விற்காமல் கலவையை மாற்றினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அது எங்கள் ரிப்போர்ட்டால்தான் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். டாக்டர் குருநாதனை நிர்வாகம் நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஓய்வுக்கு முன்பே விலகிப் போனார். போகும்போது என்னை மைக்ரோஸ்கோப் அறைக்குத் திரும்ப மாற்றும் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார். அவர் செய்த கடைசி வேலை அது. செல்வி கல்யாணமாகி ஊருக்குப் போய்விட்டாள். அந்த மாடியில் இப்போது வேறு பெண்கள் இருக்கிறார்கள். பஸ் அதே இருட்டில்தான் வருகிறது.

தலைவர் பதவி காலியானதும் பணி மூப்பில் முதலில் இருந்தவள் நான். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். படிப்பு, அனுபவம் எல்லாம் கேட்டு முடித்த பின், நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த சால்வென்ட் விஷயத்த இன்னைக்கு நீங்க வேற மாதிரி ஹேண்டில் பண்ணியிருப்பீங்களா?"

"கண்டிப்பா சார்" என்றேன். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. "நாலு குழுவோட நிறுத்தியிருக்க மாட்டேன். சினை எலியையும் சேத்துக் கேட்டிருப்பேன். ஃபேக்டரி லைன்ல மாசமா இருக்கறவங்களும் நிக்கறாங்க."

பதவி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. நல்ல படிப்பாளி, மரியாதை தெரிந்தவர். அவர் அனுப்பிய முதல் சோதனைத் திட்டம் கையெழுத்துக்காக என் மேஜைக்கு வந்தது. முதியவர்களுக்கான மூட்டுவலி மாத்திரை. திட்டத்தில் இருந்தவை எல்லாம் துள்ளித் திரியும் வாலிப எலிகள். "இதை விழுங்கப் போவது யார்?" என்று ஓரத்தில் எழுதி, கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினேன்.